தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கன் கரையில் 'டயஸ்' (பழைய 'வயோலா') கப்பலைப் பார்த்தவர்கள் உண்டா?

முத்துநகரான்:
அன்டார்ட்டிகா போகும் சுற்றுலாக் கப்பலில் சமையற்கட்டு வேலை எனக்கு. தெற்கு ஜார்ஜியாவில் ஊழியர்களையும் ஒரு மணி நேரம் இறங்க விட்டார்கள். எல்லோரும் துருவப் பயணி ஷாக்கிள்டன் கல்லறைக்குப் போக, நான் துருப்பிடித்த கப்பல்கள் பக்கம் போனேன். முகப்பில் ஈட்டித் துப்பாக்கி, அடியில் கடல்நாய்க் குட்டி ஒன்று தூங்குகிறது. 1906இல் இங்கிலாந்தின் ஹல் ஊருக்காகக் கட்டிய மீன்பிடிக் கப்பலாம். எங்கப்பா நாற்பது வருஷம் விசைப்படகில் மடிவலை இழுத்தவர். படத்தைக் காட்டினேன். "அதுல போனவங்க எல்லாரும் திரும்பி வந்தாங்களாடா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் விடவில்லை.

என்ஜின்ரூம்_சேகர்:
தம்பி, ஈட்டித் துப்பாக்கி இருப்பது 'பெட்ரல்', பக்கத்துக் கப்பல். டயஸ் திமிங்கில வேட்டைக்குப் போனதும் உண்மைதான், ஆனால் அது நார்வேக்காரர்கள் வாங்கிய பிறகு. அதற்கு முன்னால் முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை எடுத்துக்கொண்டது. 1918இல் நீர்மூழ்கி வேட்டையிலும் இருந்தது. 1927இல் கிரிட்விக்கன் வந்து கடல்யானை எண்ணெய்த் தொழிலுக்கு ஓடியது. 1974இல் கயிற்றால் கட்டிப் போட்டிருந்த இடத்திலேயே மூழ்கிவிட்டது. முப்பது வருஷம் கழித்து, 2004இல் மேலே தூக்கி, எண்ணெயை உறிஞ்சி எடுத்துக் கரையில் சாய்த்தார்கள். நீராவி என்ஜின் இன்னும் உள்ளேயே இருக்கிறது. நான் போனபோது பனிமூட்டம், புகைபோக்கி மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவுதான் என் கதை.

இனிமேல் போகிறவர்களுக்கு: பூட்ஸ் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். பை ஓரம், ஜிப், ஒட்டுப்பட்டை எல்லாவற்றிலும் விதை ஒட்டியிருக்கும், ஊசியால் எடுங்கள். ஒரு புல்விதை போதும், அந்தத் தீவு கெட்டுவிடும். கடல்நாய்க்கு வழிவிடுங்கள், கடித்தால் புண் சீழ் பிடிக்கும். கப்பல் மேல் ஏறாதீர்கள், தகடு பொத்துவிடும்.

மலர்_ஹல்:
முத்துநகரான், உங்கள் அப்பாவுக்குப் பதில்: எல்லோரும் வரவில்லை. நான் ஹல் ஊரின் ஹெஸ்ஸில் ரோட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் தாத்தா அந்தக் காலத்துப் 'பெட்டிக் கூட்டத்தில்' இருந்தவர். அந்தக் கூட்டத்து மீன்பிடிக் கப்பல்கள் வாரக்கணக்கில் வடகடலிலேயே கிடக்கும். பிடித்த மீனைப் பெட்டியில் அடைத்து, சின்னத் துடுப்புப் படகில் இறக்கி, லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு ஓடும் வேகக் கப்பலில் ஏற்ற வேண்டும். தாத்தாவின் அண்ணன் அந்தத் துடுப்புப் படகோடு திரும்பி வராமலே போனவர். அதைச் சொல்லும்போது அந்த அம்மா இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். ஒன்று கப்பல், ஒன்று படகு. ஒரு கை ஏற ஏற மற்றது இறங்கியது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் ஒரு நொடியில்தான் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றார்.