சிஜிபிஏ 3.62, ரியல் அனாலிசிஸில் பி: அமெரிக்காவில் புள்ளியியல் பிஎச்டிக்கு இடம் கிடைக்குமா?

பாயான் பாரு மாணவி

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் உள்ள யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) புள்ளியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். சிஜிபிஏ, அதாவது மொத்த மதிப்பெண் சராசரி, 4க்கு 3.62. நிகழ்தகவு, லீனியர் அல்ஜிப்ரா இரண்டிலும் ஏ. எல்லாவற்றையும் நிரூபித்துக் காட்ட வேண்டிய கணிதப் பாடமான ரியல் அனாலிசிஸில் மட்டும் பி. அந்த செமஸ்டரில் அம்மா மருத்துவமனையில் இருந்தார், அதைக் காரணமாகச் சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த டிசம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஆசை. ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 100 டாலர் கட்டணம். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அப்பா பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டுகிறார், அவரிடம் கேட்க மனம் வரவில்லை. என் வாய்ப்பு எத்தனை சதவீதம் இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள், பரவாயில்லை.

செந்தூல்வாசி

தங்கச்சி, உண்மையைக் கேட்டதால் சொல்கிறேன். இந்த ஆண்டு வேண்டாம்.

நானும் இதே கனவோடு எட்டு இடத்துக்கு விண்ணப்பித்தவன். என் சிஜிபிஏ உன்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம். எட்டும் இல்லை என்று வந்தது. பிப்ரவரி, மார்ச் முழுக்க ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மின்னஞ்சல் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இணையத்தில் ‘3.5தான், எனக்குக் கிடைத்துவிட்டது’ என்று எழுதுபவர்களை நம்பி முடிவெடுக்காதே. கிடைத்தவர்தான் எழுதுவார். கிடைக்காதவர் கணினியை மூடிவிட்டு வேலை தேடப் போய்விடுவார். புள்ளியியல் படிக்கிற நமக்கு இது தெரியாததல்ல, நம் விஷயம் என்று வரும்போது மறந்துவிடுகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டோடு மாஸ்டர்ஸ் முடி, அப்புறம் விண்ணப்பி.

ஜெலுத்தோங்காரன்

செந்தூல் அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் பிஎச்டிக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம் இல்லை. இளங்கலை முடித்து நேராகச் சேர்பவர்கள் ஏராளம், நானும் அப்படிப் போனவன்தான். பிஎச்டி மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக்கட்டணம் கிடையாது. வகுப்பில் உதவி ஆசிரியராக வேலை பார்த்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். மாஸ்டர்ஸுக்குத்தான் பெரும்பாலும் கைக்காசு போகும். லாரி ஓட்டுகிற அப்பாவின் பிள்ளைக்கு எது பொருத்தம்?

ஒரு கணக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் பத்து சதவீத வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். பத்து இடத்திலும் மறுப்பு வர 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் 0.35. அதாவது ஒரு இடமாவது கிடைக்க 65 சதவீதம். 4,000 வெள்ளிக்கு இது மோசமான வாய்ப்பா?

செந்தூல்வாசி

தம்பி, இந்த 65தான் என்னையும் ஏமாற்றியது. அதனால் இதை விடமாட்டேன்.

அந்தப் பெருக்கல் பத்து முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் செல்லும். ஆனால் பத்து இடத்துக்கும் போவது ஒரே கோப்பு. அதே டிரான்ஸ்கிரிப்ட், அதே மூன்று பரிந்துரைக் கடிதம், அதே பி.

இப்படிப் பார். அந்தக் கோப்பு படிப்பவர்களைக் கவர்கிற வகையாக இருக்கப் பாதி வாய்ப்பு, அப்போது ஒவ்வொரு இடத்திலும் 20 சதவீதம். கவராத வகையாக இருக்கப் பாதி, அப்போது எங்கேயும் பூஜ்யம். சராசரி அதே பத்துதான். ஆனால் ஒரு இடமாவது கிடைக்க இப்போது 45 சதவீதம்தான். இன்னும் 4,000 கடன் வாங்கி இருபது இடத்துக்கு அனுப்பினாலும் 50ஐத் தாண்டாது. உன் கணக்குப்படி அது 88 ஆகியிருக்கும். நான் வங்கியில் கடன் அபாயம் கணக்குப் போடுகிறவன். சார்பை மறந்துவிட்டு வாய்ப்புகளைப் பெருக்குவதால் எவ்வளவு நஷ்டம் வரும் என்று தினமும் பார்க்கிறேன்.

ஜெலுத்தோங்காரன்

கணக்கு சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பாதி’, ‘பூஜ்யம்’ எல்லாம் நீங்கள் வைத்தவை, நான் பத்து வைத்தது போல. தங்கச்சியின் கோப்பு எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பார்க்காமலே ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

இரண்டு பேரும் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். தனியார் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். அந்தப் பாதியா இந்தப் பாதியா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கடிதங்கள்தான்.

நம் ஊரில் கடிதம் எப்படி இருக்கும் தெரியுமா? ‘இவர் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எல்லோருடனும் நன்றாகப் பழகுவார்.’ ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் எழுதினேன். நல்ல மனதோடுதான் எழுதினேன், ஆனால் அதைப் படிப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: முதல் ஆண்டு பாடங்களையும் அதற்குப் பிறகு வரும் தகுதித் தேர்வையும் இந்தப் பிள்ளை தாண்டுமா? அங்கே அளவைக் கோட்பாடு, நிகழ்தகவுக் கோட்பாடு எல்லாம் நிரூபணம் நிரூபணமாக வரும். ரியல் அனாலிசிஸ் மதிப்பெண்ணைத் தேடிப் பார்ப்பதும் அதற்காகத்தான். முதுநிலைச் சேர்க்கைக்கு எழுதும் ஜிஆர்இ பொதுத் தேர்வின் கணிதப் பகுதியில் 170க்கு 170 வாங்கினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது, அதில் வருவது பள்ளிக்கூடக் கணக்கு. பல துறைகள் இப்போது ஜிஆர்இ கேட்பதே இல்லை.

இப்போதெல்லாம் நான் இப்படி எழுதுகிறேன்: ‘சீரான ஒருங்கல் பற்றிய வீட்டுப்பாடத்தில் என் நிரூபணத்தில் இருந்த ஓட்டையை இவர் கண்டுபிடித்து, மறுநாள் வேறு வழியில் நிரூபித்துக்கொண்டு வந்தார். 12 ஆண்டுகளில் எனக்கு வாய்த்த முதல் மூன்று மாணவர்களில் ஒருவர்.’ தங்கச்சி, உன்னைப் பற்றி இப்படி எழுதக்கூடிய ஆசிரியர் யாராவது இருக்கிறாரா? முதலில் அதைச் சொல்.

இன்னொன்று. பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்துப் பயப்படாதே, துறைக்குத் துறை கதை வேறு. 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக முதுநிலைச் சேர்க்கையில் ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பெண்களுக்கு எதிரான அந்த வித்தியாசம் காணாமல் போனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். 1975இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை அது, உங்கள் பாடத்திலேயே இருக்கும்.

பாயான் பாரு மாணவி

அக்கா, இருக்கிறார். அனாலிசிஸ் எடுத்த விரிவுரையாளரேதான். பி கொடுத்தவரும் அவரே.

நேற்று மாலை அவர் அறைக்குப் போனேன். என் இறுதித் தேர்வுத் தாளை நினைவு வைத்திருந்தார்! கடைசிக் கேள்விக்கு மட்டும் முழு மதிப்பெண் வாங்கியது வகுப்பில் நான் ஒருத்தி என்றார். இடைத்தேர்வில்தான் சறுக்கியிருந்தேன், அதுதான் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம். இந்த செமஸ்டரில் மெஷர் தியரி (நீங்கள் சொன்ன அளவைக் கோட்பாடுதான்) எடு, நன்றாகச் செய்தால் இரண்டையும் சேர்த்துக் கடிதத்தில் எழுதுகிறேன் என்றார். ஆனால் மதிப்பெண் வருவது ஜனவரிக்குப் பிறகுதான்.

செந்தூல்வாசி

அப்படியென்றால் அடுத்த ஆண்டு டிசம்பரில் விண்ணப்பி. மெஷர் தியரியில் ஏ என்று தாளில் ஏறட்டும். நடுவில் வேலை பார், அல்லது மலாயாவில் மாஸ்டர்ஸ் சேர். ஒரு ஆண்டு ஒன்றும் போய்விடாது. எனக்கு இப்படிச் சொல்ல அன்று ஆள் இல்லை.

ஜெலுத்தோங்காரன்

எல்லாருக்கும் ஒரு ஆண்டு ஒரே மாதிரி இல்லை அண்ணே. வேலைக்குப் போன பிள்ளை திரும்பப் படிக்க வருவது நம் வீடுகளில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பருக்குள் பாதி செமஸ்டர் முடிந்திருக்கும். அதுவரை பார்த்ததை அவர் கடிதத்தில் எழுதலாம். மதிப்பெண் வந்ததும் புதிய டிரான்ஸ்கிரிப்டை வாங்கிக்கொள்ளும் துறைகளும் உண்டு, கேட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கச்சி, பத்து வேண்டாம், ஐந்து அனுப்பு. அந்த ஐந்திலும் பெயர் பெரிய இடம் ஒன்று போதும். மீதிப் பணம் கையில் இருக்கட்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தையும் பார், பிஎச்டிக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள், பக்கத்திலும் இருக்கிறது.

பாயான் பாரு மாணவி

மெஷர் தியரிக்கு இன்று பதிந்துவிட்டேன். வகுப்பில் ஏழு பேர்தான்.

ஐந்து இடத்துக்கு இந்த ஆண்டே அனுப்பப் போகிறேன். செந்தூல் அண்ணா, கோபம் வேண்டாம். கிடைக்காவிட்டால் நீங்கள் சொன்னபடி மலாயாவில் சேர்ந்து மறுபடி முயற்சி செய்வேன், மீதி 2,000 அதற்குத்தான்.

செந்தூல்வாசி

கோபம் எதற்குமா? நான் இன்னும் ஒரு ஆண்டு பொறு என்றுதான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அனுப்புவது என்று ஆகிவிட்டது, சரி. விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்கக் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. என்னுடையதில் முதல் பத்தி முழுக்கச் சின்ன வயதில் எண்கள் மீது ஆசை என்று எழுதி வீணாக்கியிருந்தேன். நீ அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பி.