அம்பா பாட்டு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், பாம்பனில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் தம்பியின் வள்ளம் இன்ஜின் பழுதாகி ராத்திரி முழுக்கக் கரை திரும்பவில்லை, போனும் கிடைக்கவில்லை, நாங்கள் அழுதுகொண்டு நிற்க, அம்மா மட்டும் ஈர மணலில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, கரைவலை இழுக்கும்போது தாத்தா பாடிய அம்பா பாட்டை மெதுவாகப் பாட ஆரம்பித்தார். ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடுவார்களே, அது. நாங்களும் சேர்ந்துகொண்டோம். கை நடுக்கம் நின்றது, மாதா கைவிட மாட்டார் என்று தோன்றியது. விடிந்ததும் இன்னொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது, ஆண்டவருக்கு நன்றி.

அம்மாவுக்கு முதல் இரண்டு அடிதான் நினைவிருக்கிறது. தாத்தா 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியில் வலை இழுத்தவர். தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்தால், பாடச் சொல்லி வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள். எழுதி மட்டும் அனுப்பினால் அந்த இழுவை மெட்டு வராது.