கோரா எடை சரியாக வருகிறது, சாயத்துக்குப் பின் குறைகிறது: யார் கணக்கில் எழுதுவது?

கோன்மூட்டை:
திருப்பூரில் 30-ஆம் நம்பர் கோம்டு (சீவிய பருத்தி) நூல் 1000 கிலோ நிட்டிங் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குத் துணி பின்னக் கொடுத்தோம். பேசிய சேதாரம் 1 சதவீதம், கோரா (சாயம் போடாத பின்னல் துணி) 990 கிலோ வந்தது, டிசி (டெலிவரி சலான்) ஒத்துப்போகிறது. சாயப்பட்டறையிலிருந்து வரும்போதுதான் எடை ஏகத்துக்கும் அடிவாங்குகிறது. நிட்டிங்காரர் பட்டறையைக் கை காட்டுகிறார், பட்டறைக்காரர் நிட்டிங்கை. எந்த இடத்தில் எப்படிப் பிடிப்பது?

வட்டப்பின்னல்:
முதலில் ஈரத்தைப் பாருங்க. பருத்திக்கு வழக்கமான ஈரக் கணக்கு, உலர்ந்த எடையில் 8.5 சதவீதம். அப்படியென்றால் உங்கள் 1000 கிலோவில் உலர் நூல் 921.7 கிலோ. கோராவில் தண்ணீர் தெளித்து 11 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால் 990 கிலோவில் உலர் பஞ்சு 892 கிலோதான். நியாயமாக 912 இருக்கணும். வித்தியாசம் 20 கிலோ சொச்சம், நூலாகப் பார்த்தால் 22 கிலோ. தராசு இதைச் சொல்லவே சொல்லாது.

ரோலின் வெளிச்சுற்றில் வெட்டாதீங்க, நாலைந்து சுற்று உள்ளே தள்ளி 100 கிராம் எடுத்து உடனே பாலிதீன் பையில் கட்டுங்க. 105 டிகிரி ஓவனில் எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்க. 92.2 கிராம் நின்றால் சரி. 90 என்றால் தண்ணீருக்கும் சேர்த்து கூலி கொடுத்திருக்கீங்க.

ஆனால் கொடுக்கும் நூலையும் இதேபோல் சோதிக்காமல் யார் மேலும் பழி போடாதீங்க. மில்லிலேயே நூலுக்கு ஈரம் ஏற்றும் கண்டிஷனிங்கில் ஈரம் கூட ஏறி வந்திருக்கலாம். நூல் சுற்றிய கோனின் அட்டை, பை எடையைக் கழித்தீர்களா என்பதும் ஒரு கேள்வி.

லூப்லெங்த்:
ஈரம் மட்டுமில்லை. கூலி கிலோவுக்கு என்பதால் லூப்பை (பின்னல் வளையத்தை) தளர்த்தினால் மணிக்கு அதிக கிலோ ஓடும். ஒரு லூப்புக்கு 2.8 மி.மீ. நூல் கேட்டிருந்தால் கோராவில் 100 லூப்புக்கு இரண்டு பக்கமும் குறி வைத்து, ஒரு வரிசை நூலை உருவி, சுருக்கம் போக நீட்டி அளங்க: 28 செ.மீ. வரணும். 30 வந்தால் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) போச்சு, சுருக்கமும் கூடும்.

நூல் மாற்றத்துக்கு: உருவிய துண்டுகளைச் சேர்த்து 100 மீட்டர் எடை போடுங்க. 30-ஆம் நம்பருக்கு 1.97 கிராம். வேறு லாட் (வேறு தொகுதி நூல்) கலந்திருந்தால் இருட்டில் யுவி விளக்குக்கு அடியில் வரிவரியாகத் தெரியும். சாயம் போட்ட பிறகு அதே வரி பட்டையாக எழும்பும், அப்போது அழுது பயனில்லை.

ஜாப்ஒர்க்காரர்:
மறுபக்கத்தையும் சொல்லியாகணும். பையர் தள்ளுபடி கேட்டதும், இரண்டு மாசம் கழித்து 'ஜிஎஸ்எம் குறைவு' என்று டெபிட் நோட் அனுப்பி கூலியைப் பிடிக்கும் கம்பெனிகள் உண்டு. எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் 2006-படி சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. கூலி கொடுக்கும் கெடு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தின் 3 மடங்கு, மாதாந்திர கூட்டுவட்டி. இதற்கு அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியில் 43பி(எச்) என்ற பிரிவு வேறு வந்தது: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது. அதற்குத் தப்ப 'உத்யம் பதிவை (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) எடுத்துவிடு, ஆர்டர் தருகிறேன்' என்று கம்பெனி கேட்டால் எடுத்துவிடாதீங்க.

கோன்மூட்டை:
அப்போ ஆட்சேபத்தை 15 நாளுக்குள் சொல்ல, சோதனையை எப்போது வைப்பது?

வட்டப்பின்னல்:
கோரா இறங்கிய அன்றே, பட்டறைக்கு அனுப்பும் முன். சாயம் ஏறிவிட்டால் எது யாருடைய தவறென்று பிரிக்கவே முடியாது. 1000 கிலோவையும் ஒரே மூச்சில் இறக்காதீங்க. 300 கிலோ கொடுத்து, கோரா, மிச்ச கோன், கழிவு நூல் மூன்றையும் எடை போட்டு டிசியில் இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகே அடுத்த 300. சோதித்த துண்டில் பாதியை நிட்டிங்காரரிடமே கொடுத்து வையுங்க.