முதுகுவலிக்கு இத்தனை மாத்திரை எதற்கு? சிட்னி ஆய்வுகளை முன்வைத்து ஒரு விவாதம்

மருந்தக மாறன்:
எங்கள் கடைக்கு வரும் முதுகுவலிச் சீட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே மாத்திரைகளை எடுத்து வைத்துவிடலாம். வலிக்கு ஒன்று, தசைப்பிடிப்பைத் தளர்த்த ஒன்று, வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ஒன்று, மெத்தில்கோபாலமின் கலந்த பிரிகாபலின் ஒன்று. கடைசியில் உள்ளதை மக்கள் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறார்கள். கழுத்துவலி என்றால் இதே நான்கோடு கழுத்துப்பட்டையும் சேரும். வலி கடுமை என்றால் டிரமடால் என்ற ஓபியாய்டும் (அபின் வகை வலி மருந்து) ஏறிக்கொள்ளும்.

இவற்றில் எதற்கு ஆதாரம் இருக்கிறது? சிட்னியில் கிறிஸ்டோபர் மாஹரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு மருந்தாக எடுத்து, மருந்துப்போலியோடு (மருந்தே இல்லாத வெற்று மாத்திரை) மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014: திடீர் இடுப்புவலி வந்த 1,652 பேருக்குப் பாரசிட்டமால். அதை வேளை தவறாமல் சாப்பிட்டவர்கள் குணமாக 17 நாள், தேவைப்பட்டபோது மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் 17 நாள், வெறும் போலியைச் சாப்பிட்டவர்களுக்கு 16 நாள். 2017: காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலி உள்ள 209 பேருக்குப் பிரிகாபலின். வலி போலியைவிடக் குறையவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. 2023: ஓபல் ஆய்வு. முதுகிலோ கழுத்திலோ புதிதாக வலி வந்த 347 பேரில் ஒரு பாதிக்கு ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு, மறுபாதிக்குப் போலி. ஆறு வாரம் கழித்துப் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால், மருந்து சாப்பிட்டவர்கள் 2.78, போலி சாப்பிட்டவர்கள் 2.25. ஓராண்டு கழித்துப் பார்த்தால், மருந்தைத் தவறாகப் பயன்படுத்தும் அபாயம் உள்ளவர்கள் மருந்துக் குழுவில் 20%, மற்றதில் 10%.

மூன்று ஆய்வுகளுமே பெரிய மருத்துவ இதழ்களில் வந்தவை. எங்கள் ஊர்ச் சீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சிற்றூர் மருத்துவர்:
மாறன் ஐயா, கல்லாவில் உட்கார்ந்து சீட்டைப் படிப்பது எளிது. ஓபல் கேட்ட கேள்வி, ஆறாவது வாரத்தில் வலி எவ்வளவு என்பது. என் முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கேட்பது, இன்றிரவு எப்படிப் புரண்டு படுப்பது என்று. புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். எல்லாம் அடங்கிய பிறகு போய் அளந்தால் எந்த மருந்துதான் ஜெயிக்கும்?

இன்னொன்று. ஓபியாய்டு பீதி அமெரிக்கா, ஆஸ்திரேலியா அனுபவித்த சங்கடம். நம் நாட்டின் சங்கடம் நேர் எதிரானது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. புற்றுநோயாளிகள் கதறிக்கொண்டே இறந்தார்கள். அதைச் சரிசெய்ய 2014இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2018இல் டிரமடாலும் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. "ஓபியாய்டு ஆபத்து" என்று நீங்கள் இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு ஒரு மகன் தன் தந்தைக்கு மார்ஃபின் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு யார் பொறுப்பு?

மருந்தக மாறன்:
இடுப்புப் பிடிப்பைப் பற்றிப் பேசும்போது புற்றுநோயை இழுத்து வந்து என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். மார்ஃபின் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

ஆறு வாரம் தாமதம் என்றால் ஒரு வாரம் சரிதானே? நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு இடுப்புவலியோடு வந்த 323 பேரை வைத்து ஃப்ரீட்மன் குழு 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எல்லோருக்கும் நாப்ராக்சென். அந்த வலி மாத்திரைக்கு மேல் ஒரு பங்கினருக்குத் தசை தளர்த்தி, ஒரு பங்கினருக்கு ஆக்சிகோடோன் கலந்த பாரசிட்டமால், மீதிப் பேருக்குப் போலி. அன்றாட வேலைகள் எவ்வளவு முடங்கியிருக்கின்றன என்பதை 24 புள்ளி அளவுகோலில் ஒரு வாரம் கழித்து அளந்தார்கள். போலிக் குழுவின் முன்னேற்றம் 9.8, தசை தளர்த்திக்கு 10.1, ஆக்சிகோடோனுக்கு 11.1. வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதே முடிவு. சீட்டின் இரண்டாவது வரியை அடித்துவிடலாமா டாக்டர்?

சிற்றூர் மருத்துவர்:
நீங்களே எழுதியதை மறுபடியும் படியுங்கள். "எல்லோருக்கும் நாப்ராக்சென்." அந்த ஆய்வில் வெறுங்கையோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மேலே சேர்த்தது வீண் என்றுதான் அது சொல்கிறது. அடியில் கொடுத்ததைப் பற்றி அது வாய் திறக்கவே இல்லை. அந்த வகை வலி மாத்திரைகள் போலியைவிடச் சற்று மேல் என்பதற்குத் தனி ஆய்வுகளே உண்டு. பலன் சிறியது, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிறிய பலனை வைத்துத்தான் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போகிறார்.

பூங்கொடி (புள்ளியியல் கற்பிக்கிறேன்):
ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள், நானும் கொஞ்சம் இழுக்கிறேன்.

ஓபலின் பலம் மாறன் சொன்ன சராசரியில் இல்லை, வேறுபாட்டின் நம்பக எல்லையில், அதாவது உண்மையான வேறுபாடு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வீச்சில் இருக்கிறது. வேறுபாடு 0.53 புள்ளி, அதுவும் போலிக்குச் சாதகமாக. எல்லையை மருந்துக்குச் சாதகமாக எவ்வளவு இழுத்தாலும் பூஜ்ஜியத்தில் வந்து நின்றுவிடுகிறது. "ஆய்வு சிறியது, பலன் தெரியாமல் போயிருக்கலாம்" என்ற வழக்கமான சமாதானம் இங்கே எடுபடாது.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. 157 மையங்களில் 2016 முதல் 2022 வரை ஆள் தேடியும் கிடைத்தவர்கள் 347 பேர். யார் இவர்கள்? "உனக்குக் கிடைப்பது மருந்தா மாவா என்று யாருக்கும் தெரியாது" என்று சொன்ன பிறகும் சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள். வலியில் துடித்துக்கொண்டிருந்தவர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். டாக்டரின் அறையில் சுவரைப் பிடித்து நிற்பவர் அந்த 347 பேரில் இருந்தாரா என்பது நியாயமான கேள்வி.

மருந்துப்போலியைத் தோற்கடிப்பதே எல்லாம் என்று மாறன் நினைத்தால், 2007இல் வந்த ஜெர்மன் அக்குபஞ்சர் ஆய்வைப் பார்க்கட்டும். நாள்பட்ட இடுப்புவலியுள்ள 1,162 பேர். ஆறு மாதம் கழித்துத் தேறியவர்கள், முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6%. வேண்டுமென்றே தவறான இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2%. மாத்திரை, உடற்பயிற்சி என வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4%. மாறன் கணக்குப்படி அக்குபஞ்சர் தோல்வி, டாக்டர் கணக்குப்படி அது அமோக வெற்றி. எண்கள் இருவருக்கும் ஒன்றே. ஊசி குத்தாத குழுவினருக்குத் தங்களுக்கு ஊசி இல்லை என்பது தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பத்துச்சக்கரம்:
படித்தவர்கள் சண்டைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லாரி ஓட்டுகிறேன். எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4-எல்5 ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் பலகையில் அசையாமல் படு என்கிறார். மாறன் அண்ணன் சொன்ன நான்கு மாத்திரையும் பல மாதங்களாக என் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. இந்த ஆய்வுகளில் எனக்கானது எது?

மருந்தக மாறன்:
தம்பி, படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், 1994இல். பாதிக்கு மேல், 52% பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36% பேர்தான்.

பலகையில் படுக்கச் சொன்னவர் முப்பது ஆண்டு பின்தங்கியிருக்கிறார். 1995இல் ஹெல்சின்கி மாநகர ஊழியர்கள் 186 பேரை வைத்துப் பார்த்ததில், படுத்துக் கிடந்தவர்களைவிட இயன்ற வரை வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

ஆபரேஷனுக்கு 2007 நெதர்லாந்து ஆய்வு இருக்கிறது. சயாட்டிகா உள்ள 283 பேர். உடனே கத்தி வைத்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது உண்மை. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவிலும் 95% பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39% பேருக்குத்தான் பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டது. அவசரப்படாமல் நடக்க ஆரம்பியுங்கள். 2024இல் 701 பேரை வைத்துச் செய்த ஆஸ்திரேலிய ஆய்வில், நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு அடுத்த வலி திரும்பி வர 208 நாள், செய்யாதவர்களுக்கு 112 நாள்.

சிற்றூர் மருத்துவர்:
பூங்கொடி கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள் மாறன். அந்த 98 பேருக்கு வலியே இல்லை, இவருக்கு இருக்கிறது. நடந்த 701 பேரும் அப்போதுதான் வலியிலிருந்து மீண்டவர்கள், இவர் மீளவில்லை. நெதர்லாந்து ஆய்வில், கால் செயலிழக்கும் அளவுக்குப் பலம் குறைந்தவர்களைச் சேர்க்கவே இல்லை.

பத்துச்சக்கரம், நான்கு கேள்விகள். வலி முழங்காலுக்குக் கீழே போகிறதா? சிறுநீர் கட்டுகிறதா, தெரியாமல் போகிறதா? உட்காரும்போது தரையில் படும் இடம் மரத்திருக்கிறதா? எழுந்து நின்று, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிக் குதிகாலால் பத்து அடி நடக்க முடிகிறதா?

பத்துச்சக்கரம்:
வலி இடது காலில் பாதம் வரை போகிறது. சிறுநீர் சரியாகத்தான் இருக்கிறது. மரத்துப் போகவில்லை. குதிகாலில் நடந்து பார்த்தேன். வலது பாதம் நிற்கிறது. இடது பாதம் தொப்பென்று விழுகிறது. சில நாட்களாக இடது செருப்பு எனக்குத் தெரியாமலேயே கழன்று பின்னால் கிடக்கிறது. வார் தளர்ந்துவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினேன். அதுவும் கழல்கிறது.

சிற்றூர் மருத்துவர்:
அது செருப்பின் கோளாறு இல்லை. பாதத்தைத் தூக்கும் நரம்பு பலமிழந்து வருகிறது. இன்றே தண்டுவட அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஆபரேஷனா இல்லையா என்பதை அவர் காலைப் பரிசோதித்துச் சொல்வார். வண்டியைத் தொடாதீர்கள், கிளட்ச் மிதிக்கும் கால் அது. வழியில் சிறுநீர் கட்டினாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ நேரே அவசரப் பிரிவுக்கு.

மருந்தக மாறன்:
தம்பி, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், உடனே கிளம்புங்கள். அங்கே போனதும் அந்த நரம்பு மாத்திரை இன்னும் தேவையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இத்தனை மாதம் சாப்பிட்டும் பாதம் விழுகிறது என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சிற்றூர் மருத்துவர்:
கேட்கலாம். ஆனால் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பிரிகாபலினைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாறனுக்கும் இது தெரியும், அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

பத்துச்சக்கரம்:
மைத்துனன் வந்துவிட்டான், கிளம்புகிறோம். எம்ஆர்ஐ படத்தை எடுத்துக்கொள்ளவா, வேண்டாமா?

சிற்றூர் மருத்துவர்:
எடுத்துக்கொள்ளுங்கள். மாறன் முறைப்பார், பரவாயில்லை.