சீனாவுக்குப் போகாமலே சீன அரசியலை ஆராய முடியுமா?

கேள்வி (முதலாண்டு ஆய்வு மாணவி):
சீனாவில் மேலிடத்து உத்தரவு உள்ளூர் அதிகாரியிடம் போய் என்ன ஆகிறது என்பதுதான் நான் எடுத்திருக்கும் தலைப்பு. நேரில் போய்ப் பேட்டி எடுக்க வழியில்லை. சீனாவின் கல்விக் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கும் சிஎன்கேஐ தரவுத்தளத்திலும் ஆய்வேடுகள், புள்ளிவிவர ஆண்டு மலர்கள் போன்றவற்றை வெளிநாட்டினர் பார்ப்பதை 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். "எல்லாம் ஷி ஜின்பிங் வைத்ததுதானே சட்டம், இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று உடன் படிப்பவர்களே கேட்கிறார்கள். எங்கே தொடங்கட்டும்?

பதில் (பல வருடமாகச் சுற்றறிக்கை படிப்பவன்):
என்னிடமும் இதைக் கேட்காதவர்கள் இல்லை. 2018இல் அதிபர் பதவிக்கால வரம்பைச் சீன நாடாளுமன்றம் நீக்கியபோது ஆதரவு வாக்கு 2,958, எதிர்ப்பு 2. இதை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றே தோன்றும்.

நீங்கள் கீழ்மட்ட அதிகாரிகளுக்குப் போகும் சுற்றறிக்கைகளை எடுங்கள். சலிப்புத் தட்டும், விடாதீர்கள். 'யென்ஜின்' என்றொரு சொல் வரும். 'கண்டிப்பாகக் கூடாது' என்று பொருள். அது வரும் வரியெல்லாம் கோடு போடுங்கள். நடக்காத ஒன்றை யாரும் மெனக்கெட்டுத் தடுப்பதில்லை. விவசாயிகளிடம் முந்தைய ஆண்டு நிகர வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 1991இல் விதி போட்டார்கள். பிறகும் அதையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். கீழே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. கெவின் ஓ'பிரையன், லி லியன்ஜியாங் என்ற அரசியல் ஆய்வாளர்கள் காட்டியது எனக்கு இன்னும் பிடித்தது: கிராமத்துக்காரர்கள் அந்த மத்திய ஆவணத்தையே கையில் பிடித்துக்கொண்டு, "பெய்ஜிங் சொன்னதை நீ ஏன் மீறுகிறாய்?" என்று உள்ளூர் அதிகாரியை மடக்கினார்கள். கட்சியை எதிர்த்தல்ல, கட்சியின் சொல்லை வைத்தே!

பதில் (இன்னொருவர்):
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மனுக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். மக்கள் தங்கள் குறையை மேலிடத்தில் சொல்லும் 'ஷின்ஃபாங்' எனும் மனு முறையில், தன் ஊரிலிருந்து நிறையப் பேர் பெய்ஜிங் போனால் அதிகாரிக்குக் கெட்ட பெயர். அதனால் ஆள் அனுப்பி, மனு கொடுக்க வந்தவர்களைத் தலைநகரிலேயே மறித்துத் திருப்பிக் கூட்டிப்போன கதைகள் ஏராளம். மனு குறைந்தால் குறை தீர்ந்தது என்று எழுதிவிடக் கூடாது. என் முதல் கட்டுரையில் நான் அப்படித்தான் எழுதினேன். திருத்த ஒரு வருடம் ஆனது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 1991 விதியிலிருந்து, விவசாய வரியே ஒழிந்த 2006 வரை எடுத்துக்கொள்கிறேன். மாவட்ட வரலாற்றுத் தொகுதிகளில் வசூல் விவரம் இருக்குமா?

பதில் (சுற்றறிக்கை படிப்பவன்):
நிதி அத்தியாயத்தைப் பாருங்கள். அரசே எழுதியது என்பதால், அதே மாவட்டத்துச் சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.