சோளகத்தில் 18 அடி போட்: கரை திரும்புவதுதான் கஷ்டமாக இருக்கிறது

வடகரையான்:
வணக்கம். நாங்கள் வல்வெட்டித்துறைப் பக்கம். மச்சான் 18 அடி ஃபைபர் போட் ஒன்று வாங்கியிருக்கிறார், 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். நானும் கூடப் போகத் தொடங்கியிருக்கிறேன். வாடைக்காலத்தில், அதாவது வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில், குழப்பமில்லை, அலை கரையிலேயே தெரியும், போட்டை இறக்கமாட்டோம். தென்மேற்குக் காற்றுக் காலமான சோளகத்தில்தான் பிடிபடவில்லை. விடியப்புறம் கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கிறது, நாலைந்து கிலோமீற்றர் போனபிறகு பார்த்தால் வேறு கடல். திரும்பி வரும்போது அணியத்தை, போட்டின் முன்பக்கத்தை, தூக்கித் தூக்கி அடிக்கிறது. வேகத்தைக் கூட்டினால் கெதியாகக் கரை சேரலாம் என்கிறார் மச்சான், எனக்கு அது சரியாகப் படவில்லை. பழகியவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
தம்பி, உங்கள் சந்தேகம் சரி. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது, யாழ்ப்பாணத்து வடகரைக்கு அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கரையோரத்தில் காற்று தண்ணீர்மேல் ஓட இடமில்லை, அதனால் அலை எழும்பாது. வெளியே போகப் போக அந்தத் தூரம் கூடுகிறது, அலையும் வளர்கிறது. போகும்போது காற்று முதுகுப்பக்கம் என்பதால் அதன் பலம் தெரியாமலே போய்விடுகிறோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும், 15 குதிரைவலுவுக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால் போகும் வழியிலேயே போட்டைக் கரைப்பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே கஷ்டமென்றால் அதற்குமேல் கொஞ்சம்கூடப் போகவேண்டாம், வலை விட இடம் நல்லாயிருந்தாலும் சரி.

வேகம் கூட்டவே கூடாது. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், அலை குட்டையாக, செங்குத்தாக, நெருங்கி வரும், ஒன்றிலிருந்து போட் இறங்கி முடியுமுன் அடுத்தது அணியத்துக்கு முன்னால் நிற்கும். நேரே குத்தாமல் சற்றுச் சரித்து ஏற்றுங்கள். ஏறும்போது எஞ்சினைக் கொடுத்து, உச்சிக்கு வருமுன் குறைத்து மெல்ல இறக்கவேண்டும். பக்கவாட்டில் அலை வாங்கக்கூடாது. ஐஸ் பெட்டி, வலை, ஆள் எல்லாம் நடுவில், தாழ. அலை பின்னாலிருந்து வரும் நாட்களில் முன்னால் போகிற அலையின் முதுகிலேயே இருங்கள். அதைத் தாண்டிச் சறுக்கினால் அணியம் தண்ணீரில் குத்தும், போட் குறுக்கே திரும்பிக் கவிழும்.

எஞ்சின் பட்டறை:
மற்றதை அண்ணை சொல்லிவிட்டார், நான் எஞ்சினை மட்டும் சொல்கிறேன். கடல் அடிக்கிற நேரம் பார்த்து எஞ்சின் நிற்பதற்குக் காரணம் அநேகமாக எண்ணெய்த் தாங்கிதான். அடியில் கிடக்கும் தண்ணீரும் அழுக்கும் அமைதியான கடலில் அசையாது, போட் ஆடினதும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். தாங்கியை மாதம் ஒருமுறையாவது முழுதாக வடித்துக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, இழுகயிறு, இவை நனையாத பையில் இருக்கட்டும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பார்கள். சோளகத்தில் அந்தக் கணக்குக் காணாது, வரும் வழிதான் அதிகம் குடிக்கும். எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் கையில் மாட்டியிருக்கட்டும். அவர் தவறி விழுந்தால் போட் தானாக ஓடிப்போகாது.

வடகரையான்:
மெத்தப் பெரிய உதவி. எங்களிடம் சின்ன நங்கூரம் ஒன்றும் 20 மீற்றர் கயிறும் இருக்கிறது. எஞ்சின் நின்றால் அதைப் போட்டுக் காத்திருக்கலாமா அண்ணை?

கடலோடி:
அந்தக் கயிறு காணாது. 10 மீற்றர் ஆழத்துக்கு 50 மீற்றராவது வேண்டும், கயிறு படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் மண்ணைப் பிடிக்கும். அணியத்தில் கட்டுங்கள், எஞ்சின் பக்கம் கட்டினால் அலை அந்தப் பக்கத்தால் உள்ளே ஏறும். பிடிக்கவில்லையென்றால் வாளியைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து இழுபட விடுங்கள், முகம் காற்றுக்கு நிற்கும், ஓட்டமும் குறையும். வாடையில் எஞ்சின் நின்றால் காற்று கரைக்குத் தள்ளும். சோளகத்தில் சும்மா மிதந்தால் வங்காள விரிகுடாவுக்குள் போவீர்கள். கவிழ்ந்தாலும் போட்டை விட்டு நீந்தவேண்டாம், தேடுபவர்களுக்குத் தலையைவிடப் போட்தான் தெரியும்.

தீவகத்து அக்கா:
தம்பி, என்ரை வீட்டு ஆட்களும் தொழிலுக்குப் போகிறவர்கள்தான். எந்தத் திசை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லாமல் போகாதீர்கள். நேரம் தப்பினால் அவர் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் எடுக்கவேண்டும். லைஃப் ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைக்காமல் போட்டுக்கொண்டே போங்கள், அலையில் நின்று அதை மாட்ட முடியாது. வானிலை அறிவித்தலில் காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை ஒரு பகுதி, முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரை இன்னொரு பகுதி என்று சொல்வார்கள். உங்கள் ஊர் காங்கேசன்துறைக்குக் கிழக்கே, நீங்கள் இரண்டையும் கேளுங்கள். 50, 60 கிலோமீற்றர் காற்று என்று எதிலாவது சொன்னால் அன்றைக்குப் போட்டை மேலே இழுத்துவிடுங்கள்.