வி-சுவிட்சும் இரும்புச் சுவிட்சும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இரவுப்பணிக்காரன்:

2011-இல் சென்னையில் ஒரு தரவு மையத்தில் எனக்கு இரவுப் பணி. நான் சர்வர் பிரிவு. கணினிகளைக் கேபிள் வழியே இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளின் கடவுச்சொல் நெட்வொர்க் பிரிவிடம். இந்தக் கதையில் பாதி அந்தக் கடவுச்சொல்தான்.

நள்ளிரவு தாண்டி ஒன்றே கால் இருக்கும். வி.எம்.வேர் (ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை, அதாவது வி.எம்.களை, ஓட்டும் மென்பொருள்) ஓடும் சர்வர் ஒன்று திரையில் சிவப்பானது. சர்வருக்கு உயிர் இருக்கிறது, நெட்வொர்க் இல்லை. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் இரண்டு தனிச் சுவிட்சுகளுக்குப் போகின்றன. ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும். இரண்டுமே போயிருந்தன. சில நிமிடங்களில் அடுத்த சர்வர். பிறகு மூன்றாவது. அம்மை பரவுவதுபோல் வரிசையாக விழுந்தன.

நெட்வொர்க் அண்ணனைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். "உங்கள் பக்கத்திலிருந்து பி.பி.டி.யூ., அதாவது சுவிட்சுகள் தங்களுக்குள் பேசும் ஸ்பானிங் ட்ரீ செய்தி, வந்திருக்கிறது தம்பி. சர்வர் பக்கமிருந்து அது வரக்கூடாது. அதனால்தான் சுவிட்ச், கேபிள் செருகிய போர்ட்டை மூடிவிட்டது" என்றார். "வி-சுவிட்ச் ஸ்பானிங் ட்ரீ பேசவே பேசாதே அண்ணா!" என்று நான் சண்டைக்குப் போனேன். வி-சுவிட்ச் என்பது சர்வருக்குள் மென்பொருளாக இருந்து வி.எம்.களை வெளிக்கேபிள்களோடு இணைக்கும் சுவிட்ச்.

அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. கேபிள் செருகும் நிஜப் பெட்டியான இரும்புச் சுவிட்சுக்கு எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. வரும் தகவலைப் பார்த்து மேக் முகவரிகளை (நெட்வொர்க் கார்டுகளின் அடையாள எண்கள்) கற்றுக்கொள்ளும். கேபிள் சுற்றிக்கொண்டு வளையமாகிவிடாமல் காக்க அதற்கு ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை வேண்டும். வி-சுவிட்சுக்குத் தன் வீட்டு வி.எம்.களின் முகவரி முதலிலேயே தெரியும். ஒரு வெளிக்கேபிளில் வந்ததை இன்னொரு வெளிக்கேபிளில் அனுப்பாது. ஆகவே அதனால் வளையம் உண்டாகாது, ஸ்பானிங் ட்ரீயும் தேவையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் வி.எம். ஒன்று பி.பி.டி.யூ. அனுப்பினால், சாதாரணத் தகவல் என்று எண்ணி அப்படியே வெளியே விட்டுவிடும்.

அன்று யாரோ சோதனைக்காக ஒரு விண்டோஸ் வி.எம்.மில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் பிரிட்ஜ் செய்திருந்தார்கள், அதாவது ஒன்றோடொன்று இணைத்திருந்தார்கள். விண்டோஸ் பிரிட்ஜ் ஸ்பானிங் ட்ரீ பேசும். முதல் போர்ட் மூடியது, வி-சுவிட்ச் கடமை தவறாமல் போக்குவரத்தை இரண்டாவது கேபிளுக்கு மாற்றியது, அதுவும் மூடியது. சர்வர் தனித்துப்போனால் அதன் வி.எம்.களை நிறுத்திவிட்டு வேறு சர்வரில் எழுப்பும்படி நாங்களே அமைத்திருந்தோம். குற்றவாளி வி.எம்.மும் பிரிட்ஜோடு அங்கே எழுந்தது.

அந்த வி.எம்.மை நிறுத்தி, அண்ணன் ஒவ்வொரு போர்ட்டாகத் திறந்து முடிக்கும்போது மணி நாலரை. 2012-இல் வந்த வி.எம்.வேரின் வி-ஸ்பியர் 5.1-இல் இதைத் தடுக்கும் அமைப்பு சேர்ந்தது. அதையும் நாமாகத்தான் இயக்க வேண்டும்.

கேபிள் பக்கத்து ஆள்:

இரவுப்பணிக்காரருக்கு என் அனுதாபம். நான் மறுகரை, நெட்வொர்க் பிரிவு. "போர்ட்ஃபாஸ்ட் கணினிக்கு மட்டும், சுவிட்சோடு சேரும் போர்ட்டுக்குக் கூடாது" என்று படித்தவன். போர்ட்ஃபாஸ்ட் என்பது காத்திருக்க வைக்காமல் போர்ட்டை உடனே திறந்துவிடும் அமைப்பு. வி-சுவிட்சும் சுவிட்ச்தானே என்று சர்வர் போர்ட்களில் அதை எடுத்துவிட்டேன். பெயரை நம்பிக் கெட்டேன்.

ஒருநாள் பராமரிப்புக்காக ஒரு சுவிட்சை மறுதொடக்கம் செய்தோம். அது அணைந்தபோது ஒரு சலனமும் இல்லை. திரும்பி வந்தபோதுதான் எல்லாம் அறுந்தது! விளக்கு எரிந்ததுமே வி-சுவிட்ச் பழைய கேபிளுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் சுவிட்சோ 15 வினாடி கவனித்து, 15 வினாடி கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தகவலை விடும். அந்த 30 வினாடியும் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். டிரங்க் போர்ட்டுக்கான, அதாவது பல நெட்வொர்க்குகளைச் சுமக்கும் போர்ட்டுக்கான, போர்ட்ஃபாஸ்டைப் போட்ட பிறகு தொல்லை இல்லை.

தரவுத்தளக்காரி:

என்னுடையது சின்னக் கதை. செயலி சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே என்ன ஓடுகிறது என்று பார்க்க, சுவிட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் ஓடுவதை நகலெடுத்துக் காட்டும் வசதி) வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு பாக்கெட் கூடச் சிக்கவில்லை. பயனர்களோ மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வி.எம்.களும் ஒரே சர்வரில், ஒரே வி-லேனில் (சுவிட்சுகளில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்). பேச்செல்லாம் அந்தப் பெட்டியின் நினைவகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வாசலில் காவல் நின்று என்ன பயன்?

ஒன்றை வி-மோஷன் (ஓடும் வி.எம்.மை நிறுத்தாமல் இடம் மாற்றும் வசதி) மூலம் வேறு சர்வருக்கு நகர்த்தினோம். இடம் மாறியது அந்த வி.எம்.முக்கே தெரியாது, புதிய சர்வர்தான் அதன் பெயரில் ஆர்.ஏ.ஆர்.பி. என்ற அறிவிப்புச் செய்தி ஒன்றை அனுப்பி, இனி இந்த முகவரி இந்தப் போர்ட்டில் என்று சுவிட்சுக்குச் சொல்கிறது. உடனே பாக்கெட்டுகள் கொட்டின. கூடவே, "அறிக்கை மெதுவாக வருகிறது" என்று கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசியும் வந்தது. அதுவரை நினைவகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது இப்போது 1 கிகாபிட் கேபிளில் முட்டிக்கொண்டு நின்றது. பார்க்க வேண்டியதை அவசரமாகப் பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம்.